இணைக் கேபிள்களில் குட்டைக் கேபிள்தான் முதலில் சூடாகும்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மின்மாற்றியிலிருந்து முதன்மைப் பேனலுக்கு 600 ஆம்பியர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கேபிளில் அவ்வளவு மின்னோட்டத்தை அனுப்புவது கடினம். எனவே 300 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள்கள் இரண்டை இழுத்து, இரு முனைகளிலும் ஒரே பஸ்பார்களில், அதாவது மின்னோட்டத்தைப் பகிர்ந்தளிக்கும் உலோகப் பட்டைகளில், இணைக்கிறார்கள். ஒவ்வொரு கேபிளுக்குள்ளும் மூன்று ஃபேஸ்களுக்கும் நியூட்ரலுக்கும் தனித்தனிக் கம்பிகள் இருக்கும், அவைதான் கோர்கள். சிவப்பு ஃபேஸின் கோர்கள் இரண்டும் சிவப்பு பஸ்பாரில், மஞ்சள் இரண்டும் மஞ்சளில், நீலம் இரண்டும் நீலத்தில், நியூட்ரல் இரண்டும் நியூட்ரலில். வேலைத்தளத்தில் இதை 'இரண்டு ரன்' என்பார்கள். வரைபடத்தில் ரன்னுக்கு 300 ஆம்பியர் என்று எழுதியிருக்கும்.

எழுதிவிட்டதாலேயே மின்னோட்டம் சரிபாதியாகப் பிரிந்துவிடாது. இரண்டு ரன்களும் எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருந்தால்தான் பிரியும். ஒரே உலோகம், ஒரே பருமன், ஒரே வகைக் காப்பு, ஒரே மாதிரியான லக் (கம்பியின் நுனியில் பொருத்தி பஸ்பாரில் இறுக்கும் உலோக முனை) இணைப்பு, ஒரே நீளம். இவற்றில் முதல் மூன்றும் கேபிள் வாங்கும்போதே முடிவாகிவிடுகின்றன. நீளம் மட்டும் கேபிளை வெட்டுகிறவர் கையில் இருக்கிறது. அதனால்தான் அது அதிகம் தவறிப்போகிறது.

இப்போது ஒரு கேள்வி. அந்த இரண்டு ரன்களில் ஒன்று 10 மீட்டர், மற்றொன்று 13 மீட்டர் என்றால் எந்தக் கேபிளுக்கு ஆபத்து? இந்த வேலையைப் புதிதாகக் கற்பவர்களில் பெரும்பாலோர் நீளமானதைத்தான் சொல்வார்கள். அதிகத் தூரம் சுமப்பது அதுதானே என்ற எண்ணம். விடை நேர்மாறானது. குட்டைக் கேபிள்தான் அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு சூடாகும். நீளமான கேபிள் தன் பங்கைவிடக் குறைவாகவே சுமந்துகொண்டிருக்கும். இது ஏன் என்று புரிந்துவிட்டால், இணைக் கேபிள்களைப் பற்றிய விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

ஒரு பெரிய கேபிள் ஏன் போதாது?

அதற்கு முன், இரண்டாகப் பிரிக்கும் தேவை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கேபிளின் பருமனை இரு மடங்காக்கினால் அது தாங்கும் மின்னோட்டமும் இரு மடங்காகும் என்று தோன்றும். ஆகாது. கம்பிக்குள் பிறக்கும் வெப்பம் அதன் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். குறுக்குவெட்டுப் பரப்பு இரு மடங்கானால் சுற்றளவு சுமார் 1.4 மடங்கு மட்டுமே கூடுகிறது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பான என்.இ.சி.யின் அட்டவணையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 75 டிகிரிக்கான வரிசையில் ஏறக்குறைய 127 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 255 ஆம்பியர் கொடுத்திருக்கிறார்கள். அதைப்போல் இரு மடங்கு பருமனுள்ள கம்பிக்கு 510 அல்ல, 380 தான். அதையும் இரு மடங்காக்கினால் 545. பருமன் நான்கு மடங்காகியும் தாங்கும் திறன் சற்றே இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. ஆக, அதே எடைச் செம்பை இரண்டு கேபிள்களாகப் பிரித்து இழுத்தால் அதிக மின்னோட்டம் கொண்டுபோகலாம்.

மாறுதிசை மின்னோட்டம் தடித்த கம்பியில் உள்மையத்தை விட்டு வெளிப்பக்கமாக ஒதுங்கும் இயல்புடையது என்பதும் ஒரு காரணம். பேனலுக்குள் ஒரு பெரிய கேபிளை வளைக்க முயன்றவர்களுக்கு மூன்றாவது காரணத்தைச் சொல்லவே வேண்டாம்.

பங்கு பிரியும் கணக்கு

இரண்டு ரன்களும் இந்த முனையில் ஒரே பஸ்பாரில் இருக்கின்றன, அந்த முனையிலும் ஒரே பஸ்பாரில் இருக்கின்றன. எனவே இரண்டு கேபிள்களிலும் மின்னழுத்த வீழ்ச்சி ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். வீழ்ச்சி என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது. பெருக்குத்தொகை இரண்டிலும் சமம் என்பதால், தடை குறைந்த கேபிளில் மின்னோட்டம் கூடும், தடை கூடிய கேபிளில் குறையும்.

எண்களை இட்டுப் பார்ப்போம். 300 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.1 ஓம். அதாவது மீட்டருக்கு 0.1 மில்லி ஓம். நம் 10 மீட்டர் ரன்னின் தடை 1 மில்லி ஓம், 13 மீட்டர் ரன்னின் தடை 1.3 மில்லி ஓம். 600 ஆம்பியர் இவற்றுக்கிடையே 339, 261 என்று பிரியும். 339ஐ 1ஆல் பெருக்கினாலும், 261ஐ 1.3ஆல் பெருக்கினாலும் கிடைப்பது 339 மில்லிவோல்ட். வேறு எந்த வகையில் பிரித்தாலும் இந்தச் சமன் வராது. 300, 300 என்று பிரித்துப் பாருங்கள்: ஒன்றில் 300 மில்லிவோல்ட், மற்றொன்றில் 390. ஒரே இரண்டு பஸ்பார்களுக்கு நடுவில் இரண்டு வெவ்வேறு வீழ்ச்சிகள் இருக்க முடியாது.

'மின்னோட்டம் தடை குறைந்த வழியில்தான் போகும்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதிதான் உண்மை. மின்னோட்டம் இருக்கிற எல்லா வழிகளிலும் போகும். தடை குறைந்த வழியில் கூடுதலாகப் போகும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் நம் கவலை.

இரண்டு ரன்களுக்கு மட்டும் ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. ஒரு கேபிளின் பங்கு என்பது மற்றக் கேபிளின் நீளத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. குட்டைக் கேபிளுக்கு 13 ÷ 23, நீளமானதற்கு 10 ÷ 23. மூன்று ரன்கள், நான்கு ரன்கள் என்றால், ஒவ்வொன்றின் பருமனையும் அதன் நீளத்தால் வகுத்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களின் விகிதத்தில்தான் மின்னோட்டம் பிரியும்.

எத்தனை மீட்டர் வித்தியாசம் தாங்கும்?

இந்தக் கேள்விக்கு மீட்டரில் பதில் சொல்லவே கூடாது. அதே 3 மீட்டர் வித்தியாசத்தை நீண்ட ரன்களில் வைத்துப் பார்ப்போம். ஒன்று 100 மீட்டர், மற்றொன்று 103 மீட்டர். பங்குகள் 304, 296 ஆம்பியர். யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 10 மீட்டரில் கேபிளைச் சுட்டெரிக்கக்கூடிய அதே 3 மீட்டர், 100 மீட்டரில் கண்ணில் படாமல் போகிறது. கணக்கில் வருவது சதவீதம்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் நீண்ட தூரம் போகும் ஃபீடர் (பேனல்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் முதன்மைக் கேபிள்) அல்ல. மின்மாற்றிக்கும் முதன்மைப் பேனலுக்கும் நடுவே, ஜெனரேட்டருக்கும் மாற்றுப் பேனலுக்கும் நடுவே இருக்கும் குட்டையான இணைப்புகள். 'பத்து மீட்டர்தானே' என்று அங்கேதான் அலட்சியம் வருகிறது. மின்னோட்டம் மிக அதிகமாக இருப்பதும், ரன்கள் மூன்று, நான்கு, ஆறு என்று பெருகுவதும் அதே இடத்தில்தான். பேனலின் இடது ஓரத்தில் ஒரு ரன் ஏறி, வலது ஓரத்தில் மற்றொன்று ஏறினால் போதும், அங்கேயே இரண்டு மீட்டர் போய்விடும். 60 மீட்டர் ரன்னில் அது 3 சதவீதம். 8 மீட்டர் ரன்னில் 25 சதவீதம்.

சட்டத்தொகுப்புகளும் இதை ஒரே மாதிரியாகச் சொல்லவில்லை. என்.இ.சி. 'ஒரே நீளம்' என்கிறது. சலுகை அளவு எதையும் கொடுக்கவில்லை. சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60364 'ஏறத்தாழ ஒரே நீளம்' என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு பயனுள்ள எல்லையையும் வைக்கிறது. கேபிள்களுக்கிடையே மின்னோட்ட வேறுபாடு, ஒவ்வொன்றுக்கும் வடிவமைத்த மின்னோட்டத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால், ஒவ்வொரு கேபிளின் சுமையையும் பாதுகாப்பையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். என் கருத்து இதுதான்: 10 சதவீதம் என்பது கடைசி எல்லை, அதை இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீளத்தை 2, 3 சதவீதத்துக்குள் நிறுத்துவது கடினமான வேலையே அல்ல. மிச்ச இடம் லக், வெப்பநிலை என்று பின்னால் வரும் வேறுபாடுகளுக்குத் தேவைப்படும்.

பிரேக்கர் ஏன் காப்பாற்றாது?

339 ஆம்பியர் என்பது 300ஐவிட 13 சதவீதம்தான் அதிகம், இதற்கா இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது. 13 சதவீத அதிக மின்னோட்டம் என்பது மீட்டருக்கு 28 சதவீத அதிக வெப்பம். எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைப்பு பாலிஎத்திலீன்) காப்புள்ள கேபிளின் கம்பி 90 டிகிரி வரை போகலாம். சுற்றுப்புறம் 40 டிகிரி, 300 ஆம்பியரில் கம்பி சரியாக 90ஐத் தொடுகிறது என்று கொண்டால், வெப்பநிலை உயர்வு 50 டிகிரி. அந்த 50 இப்போது 64 ஆகிறது. கம்பி 104 டிகிரிக்குப் போய்விடும். சூடேறினால் கம்பியின் தடையும் கூடும் என்பதால் கொஞ்சம் மின்னோட்டம் தானாகவே நீண்ட கேபிளுக்குத் தள்ளப்படும். இயற்கை தரும் அந்தத் திருத்தம் நல்லதுதான், ஆனால் மிகச் சிறியது. காப்புப் பொருள்களைப் பற்றி மின் பொறியாளர்கள் வழிவழியாகக் கையாளும் ஒரு தோராய விதி உண்டு: அனுமதித்த வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் பாதியாகும். பிவிசி கேபிளாக இருந்தால் எல்லை 70 டிகிரி மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேபிளுக்கு முன்னால், மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து சுற்றைத் துண்டிக்கும் 630 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறது. அதன் வழியே போவது 600 ஆம்பியர். அது பார்ப்பது மொத்தத்தை மட்டும். அந்த 600 உள்ளே எப்படிப் பிரிகிறது என்று அதற்குத் தெரியாது. குட்டைக் கேபிள் ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மேல் சூடாகிக்கொண்டிருந்தாலும் பிரேக்கர் விழாது, எச்சரிக்கை வராது, மின்சாரக் கட்டணத்திலும் வித்தியாசம் தெரியாது. இன்னும் மோசமான நிலையையும் நினைத்துப் பாருங்கள். ஒரு ரன்னின் லக் முழுவதுமாக விட்டுப்போனால் 600 ஆம்பியரும் மற்றக் கேபிளில் ஓடும். இயல்பான சுமையில் இரு மடங்கு, வெப்பத்தில் நான்கு மடங்கு. அப்போதும் பிரேக்கருக்குக் காரணம் எதுவும் தென்படாது. இணைக் கேபிள்களில் இவ்வளவு கண்டிப்பு தேவைப்படுவது இதனால்தான்: வழக்கமான பாதுகாப்பு ஏற்பாடு இந்த ஒரு தவற்றுக்குக் குருடு.

சிலர் ஒவ்வொரு ரன்னுக்கும் மின்மாற்றிப் பக்கம் மட்டும் தனித்தனி பிரேக்கர் வைப்பார்கள். அங்கே ஒரு பிரேக்கரைத் திறந்தாலும் அந்தக் கேபிள் மறுமுனை பஸ்பார் வழியாக உயிரோடுதான் இருக்கும். அதைத் தொடப்போகிறவர் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

நீளம் என்பது கேபிளில் மட்டும் இல்லை

நம் 300 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தில் ஒரு மீட்டர் என்பது 0.1 மில்லி ஓம் என்று பார்த்தோம். இதைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல பார்வை கிடைக்கும். சரியாக அழுத்தாத ஒரு லக்கில் 0.3 மில்லி ஓம் தடை இருந்தால், அந்த ரன்னில் 3 மீட்டர் கேபிளைக் கூடுதலாகச் சேர்த்ததற்குச் சமம். அளவுநாடாவை வைத்து இரண்டையும் துல்லியமாக 10 மீட்டருக்கு வெட்டியிருந்தாலும், அந்த ஃபேஸில் மின்னோட்டம் 339, 261 என்றே பிரியும். நல்ல கேபிள் அதிகச் சுமையில் சூடாகும். மோசமான லக், 261 ஆம்பியரில் தனக்குள்ளேயே 20 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கும். ஒரு சிறிய சாலிடரிங் அயர்ன் அளவுக்கான வெப்பம், கைக்கு அடக்கமான ஓர் உலோகத் துண்டில், நாள் முழுக்க.

எனவே என்.இ.சி. நீளத்தோடு 'ஒரே மாதிரியாக முடித்திருக்க வேண்டும்' என்பதையும் சேர்த்தே கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒரு ரன்னுக்கு அழுத்தும் லக், மற்றொன்றுக்கு போல்ட்டால் இறுக்கும் லக் என்று கலக்கக் கூடாது. ஒரே வகை, ஒரே டை (லக்கை அழுத்தும் அச்சு), ஒரே எண்ணிக்கை அழுத்தம், ஒரே முறுக்குவிசை. அலுமினியத்தில் கம்பியின் மேல் ஆக்சைடு படலம் உடனே படியும் என்பதால், தேய்த்துச் சுத்தம் செய்து அதற்கான பசையைத் தடவிய பிறகே லக்கில் நுழைக்க வேண்டும். செம்பு பஸ்பாரில் அமர்த்துவதென்றால் அலுமினியமும் செம்பும் சேர்ந்த இருஉலோக லக் தேவை. இந்த வேலையை ஒரு ரன்னில் ஒருவரும் மற்றொன்றில் வேறொருவரும் செய்வதைவிட, ஒரே கை இரண்டையும் முடிப்பது நல்லது என்பேன்.

பிற்பாடு சேர்க்கும் மூன்றாவது ரன்

நீளம் சமமாக இல்லாமல் போவதற்கு எனக்கு மிகவும் கவலை தரும் வழி இது. ஒரு தொழிற்கூடத்தில் ஏற்கெனவே 50 மீட்டரில் இரண்டு ரன்கள் டிரெஞ்சில் (தரையில் வெட்டிய பள்ளத்தில்) கிடக்கின்றன. சுமை 800 ஆம்பியராகக் கூடுகிறது. மூன்றாவது கேபிள் சேர்க்க முடிவு செய்கிறார்கள். பழைய டிரெஞ்சில் இடமில்லை. புதியது மேலே டிரே (கேபிளைத் தாங்கும் உலோகத் தட்டு) வழியாகக் குறுக்கே போகிறது, 38 மீட்டர்தான் ஆகிறது. கையிருப்பில் 240 சதுர மில்லிமீட்டர் கேபிள் இருக்கிறது, அதையே போட்டுவிடுகிறார்கள். சின்னக் கேபிள், உதவிக்குத்தானே, கொஞ்சம் சுமந்தால் போதும் என்ற நினைப்பு.

பருமனை நீளத்தால் வகுப்போம். பழையவை 300 ÷ 50, அதாவது 6, 6. புதியது 240 ÷ 38, அதாவது சுமார் 6.3. எனவே 800 ஆம்பியர் 262, 262, 276 என்று பிரிகிறது. மூன்றிலும் மெல்லிய கேபிள்தான் மிக அதிகம் சுமக்கிறது. பருமனுக்கு ஏற்பப் பிரிந்திருந்தால் அதற்கு 229 ஆம்பியர்தான் வந்திருக்கும். இதைக் கணக்கிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்க்காமல் விட்டால், உதவிக்கு வந்த கேபிள்தான் முதலில் பழுதாகும்.

ஒரு ரன் வெயிலில், மற்றொன்று மண்ணுக்குள் என்றால் மின்னோட்டம் சமமாகப் பிரிந்தும் தொல்லை தீராது. வெயிலில் கிடக்கும் கேபிள் தாங்கும் அளவே குறைவு. இணையாகப் போகும் எந்த ரன்னின் நடுவிலிருந்தும் கிளை எடுக்கவும் கூடாது. கிளை எடுத்த இடத்தில் சமன் உடைந்துவிடும்.

ஒற்றைக் கோர் கேபிள்களில் இன்னொரு சிக்கல்

இதுவரை மின்தடையை மட்டும் பேசினோம். மாறுதிசை மின்னோட்டத்தில் கேபிளைச் சுற்றி உருவாகும் காந்தப்புலமும் மின்னோட்டத்துக்கு ஒரு தடுப்பாக நிற்கும். தடையும் இந்தத் தூண்டல் தடுப்பும் சேர்ந்ததைத்தான் இம்பீடன்ஸ் என்கிறோம். மின்னோட்டம் உண்மையில் இம்பீடன்ஸின் கணக்கில்தான் பிரிகிறது. மூன்றரைக் கோர் கேபிள்களில் (மூன்று ஃபேஸ் கோர்களும் சுமார் பாதிப் பருமனுள்ள நியூட்ரலும் கொண்டவை) எல்லா ஃபேஸ்களும் ஒரே உறைக்குள் முறுக்கி இருப்பதால் தூண்டல் தடுப்பும் நீளத்தோடு சீராகக் கூடும். நாம் போட்ட கணக்கு அப்படியே பொருந்தும்.

பெரிய ஒற்றைக் கோர் செம்புக் கேபிள்களில் நிலைமை வேறு. 630 சதுர மில்லிமீட்டர் செம்பின் தடை கிலோமீட்டருக்கு 0.0283 ஓம் மட்டுமே. தூண்டல் தடுப்பு அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்தத் தடுப்பு கேபிளின் நீளத்தை மட்டும் பொறுத்ததல்ல, பக்கத்தில் எந்த ஃபேஸ் கிடக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நீளத்துக்கு வெட்டி, சிவப்பு, சிவப்பு, மஞ்சள், மஞ்சள், நீலம், நீலம் என்று டிரேயில் வரிசையாகப் படுக்கவைத்தால் மின்னோட்டம் சமமாகப் பிரியாது. ஒவ்வொரு ரன்னிலும் மூன்று ஃபேஸ்களையும் முக்கோணமாகக் கட்டி, முக்கோணங்களுக்கிடையே இடைவெளி விட்டுப் போக வேண்டும். படுக்கையாகத்தான் போட முடியும் என்றால், இரண்டு ரன்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பிறகு நீலம், மஞ்சள், சிவப்பு என்று கண்ணாடி பிம்பமாக அடுக்கலாம். இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுக்கொன்று பிரதிபலிப்பாக இருப்பதால் ஒரே ஃபேஸின் இரண்டு கேபிள்களுக்கும் ஒரே சூழல் கிடைக்கிறது.

எஃகுக் குழாய்க்குள் இழுப்பதென்றால் ஒவ்வொரு குழாயிலும் மூன்று ஃபேஸ்களும் நியூட்ரலும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரு குழாயில் சிவப்பு மட்டும், மற்றொன்றில் மஞ்சள் மட்டும் என்று பிரித்தால் குழாயே சூடாகும். ஒற்றைக் கோர் கேபிள்கள் பேனலுக்குள் நுழையும் தகடு (கிளாண்ட் தகடு) எஃகில் இல்லாமல் அலுமினியத்தில் இருப்பதும் இதனால்தான்.

ஐ.இ.சி. தரம் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கேபிள்களை இணையாகப் போட வேண்டிவரும்போது பஸ்பார் டிரங்கிங்கை (உறைக்குள் பஸ்பார்களே ஓடும் அமைப்பை) பரிசீலிக்கச் சொல்கிறது. நல்ல அறிவுரை. செலவு கூடும்தான், ஆனால் ஆறு ரன்களை ஒன்றுபோல் வைத்திருப்பதற்கான உழைப்பையும் செலவில் சேர்த்தால் அந்த வித்தியாசம் குறைந்துவிடும்.

எதற்கு எது சமமாக இருக்க வேண்டும்?

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஒரே நீளம் என்பது ஒரே ஃபேஸைச் சேர்ந்த கம்பிகளுக்கிடையே கேட்கப்படுவது. சிவப்பு ஃபேஸின் இரண்டு கம்பிகளும் தங்களுக்குள் சமமாக இருக்க வேண்டும், நீல ஃபேஸின் இரண்டும் தங்களுக்குள் சமமாக இருக்க வேண்டும். சிவப்பும் நீலமும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, என்.இ.சி. இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அவை இணையாக இணைக்கப்படவில்லை என்பதால் ஒன்றின் சுமையை மற்றொன்று இழுத்துக்கொள்ள வழியே கிடையாது. பேனலில் சிவப்பு பஸ்பார் மேலேயும் நீல பஸ்பார் கீழேயும் இருந்து, சிவப்பு வால்கள் (கேபிளிலிருந்து பிரிந்து பஸ்பாருக்குப் போகும் கோர் முனைகள்) அரை மீட்டர் அதிகமாக ஓடினால் கவலை வேண்டாம். நியூட்ரலை மட்டும் மறந்துவிட வேண்டாம். அதற்கும் இதே விதிதான்.

தளத்தில் செய்யும் முறை

முதலில் எந்த ரன்னின் பாதை மிக நீளமோ அதை அளந்து வெட்டுங்கள். மற்ற ரன்கள் அனைத்தையும் அதே நீளத்துக்கு வெட்டிவிட்டுப் பிறகு இழுங்கள். ஒவ்வொன்றாக இழுத்து, பேனலுக்கு வந்த இடத்தில் வெட்டுவதுதான் வழக்கம். வித்தியாசம் பிறப்பதும் அங்கேதான். பல நிறுவனங்களின் கேபிள் உறையில் மீட்டர் எண்கள் தொடர்ச்சியாக அச்சிடப்பட்டிருக்கும். இரு முனைகளில் உள்ள எண்களைக் கழித்தால் நீளம் கிடைத்துவிடும். வேலை முடிந்த பிறகும்கூட இதை வைத்துச் சரிபார்க்கலாம் என்பதால், முனைகளைச் சீவும் முன் அந்த எண்களைக் குறித்துவைப்பது நல்லது.

வளைவுகளில் உள்பக்கக் கேபிள், வெளிப்பக்கக் கேபிள் என்று அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. 10 சென்டிமீட்டர் இடைவெளியில் போகும் இரண்டு கேபிள்கள் ஒரு செங்கோண வளைவில் 16 சென்டிமீட்டர் மட்டுமே வேறுபடும். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் திரும்பினால் அதுவும் நேராகிவிடும். மீட்டர்களைத் தின்பவை வேறு பாதைகள், பேனலின் எதிரெதிர் ஓரங்களில் நுழைவது, டிரம்மின் கடைசியில் மிஞ்சிய துண்டை வீணாக்க மனமில்லாமல் பயன்படுத்துவது ஆகியவைதான்.

குட்டைப் பாதையில் போகும் ரன்னில் மிஞ்சும் நீளத்தை டிரெஞ்சிலோ டிரேயிலோ மெல்லிய வளைவாக நெளித்துப் படுக்கவைக்கலாம். தயாரிப்பாளர் சொல்லும் வளைவு ஆரத்துக்குக் குறையக் கூடாது. சுருட்டிக் கட்டிவைப்பது கூடாது. மல்ட்டிகோர் கேபிளில் சுருளுக்குள் வெப்பம் தேங்கும். ஒற்றைக் கோர் கேபிளைத் தனியே சுருட்டினால் அதன் தூண்டல் தடுப்பு கூடி, எதைச் சமன் செய்ய நீளத்தை விட்டோமோ அதுவே கெட்டுவிடும்.

அளந்து பார்த்து முடிவு சொல்வது

சுமை நன்றாக இருக்கும் நேரத்தில், உரிய தகுதியும் பாதுகாப்பு உடையும் உள்ளவர் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு ரன்னையும் அளக்க வேண்டும். மல்ட்டிகோர் கேபிளை முழுதாகக் கவ்வினால் மீட்டர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும், ஏனென்றால் மூன்று ஃபேஸ்களும் நியூட்ரலும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். பேனலுக்குள் தனித்தனியாகப் பிரியும் வால்களில்தான் கவ்வ வேண்டும். முதல் ரன்னின் சிவப்பு, இரண்டாம் ரன்னின் சிவப்பு என்று ஜோடியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஜோடிகள் நிறையச் சொல்லும். மூன்று ஃபேஸ்களிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில், 57க்கு 43 என்பதுபோல், ஒரே ரன் அதிகம் சுமந்தால் காரணம் பெரும்பாலும் நீளம் அல்லது பருமன். இரண்டு ஃபேஸ்கள் சமமாக இருந்து ஒரே ஒரு ஃபேஸ் மட்டும் கோணினால் அந்த ஃபேஸில் குறைவாகச் சுமக்கும் கம்பியின் லக்கைச் சந்தேகிக்க வேண்டும். வெப்பக் கேமரா இருந்தால் எந்த முனை என்பதையும் அது காட்டிவிடும். ஒற்றைக் கோர் கேபிள்களில் ஃபேஸுக்கு ஃபேஸ் விகிதம் மாறி மாறி வந்தால் அடுக்கிய முறையைப் போய்ப் பாருங்கள்.

லக் என்றால் மின்சாரத்தை நிறுத்தி, வெட்டி, புதிதாக அழுத்தலாம். நீளம் என்றால் சரியான வழி குட்டை ரன்னை எடுத்துவிட்டு மீண்டும் இழுப்பதுதான். நடுவில் ஜாயின்ட் போட்டு நீளத்தைக் கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பழுதாகக்கூடிய இன்னோர் இடத்தை உருவாக்குவது மட்டுமே. மீண்டும் இழுக்க உடனடியாக வழியில்லை என்றால், குட்டைக் கேபிள் தாங்கும் அளவிலிருந்து மொத்தத்தைத் திருப்பிக் கணக்கிட வேண்டும். நம் 10, 13 மீட்டர் ரன்களில் ஒவ்வொரு கேபிளும் அந்த இடத்தில் 300 ஆம்பியர்தான் தாங்கும் என்றால், இரண்டும் சேர்ந்து பாதுகாப்பாகக் கொண்டுபோகக்கூடியது 300 × 23 ÷ 13, அதாவது சுமார் 530 ஆம்பியர். பிரேக்கரின் ஓவர்லோடு செட்டிங்கை அதற்குக் கீழே இறக்கி, மாற்றிய அளவையும் காரணத்தையும் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட வேண்டும்.